நிழல் விழாத நிலம்

கடைசி மரமும் சாய்ந்ததும் அவருக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. வெட்டுக்காரர்களை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தோப்பு இருந்த இடத்தில் வெயில் தங்குதடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"இனி எவனும் ஒரு குறை சொல்ல முடியாது. லிஸ்ட்ல நம்ம பேரு வந்தாச்சுன்னே வச்சுக்க" என்றார் மனைவியிடம்.

அவள் வாயே திறக்கவில்லை. நாலு நாளாக அப்படித்தான்.

கிணறு வற்றி மூன்று வருடமாகிறது. அவர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சுற்றியிருந்த எல்லாரும் சோலார் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடச் சம்மதித்துவிட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனி எடுத்துக்கொள்ளும் நிலங்களின் லிஸ்டுக்காகத்தான் காத்திருந்தார். "நிழல் விழுற இடத்தைக் கம்பெனிக்காரன் சீந்த மாட்டான் மாமா" என்று மைத்துனன் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அதோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

முப்பத்தெட்டு மாமரங்கள். அத்தனையும் அவள் கையால் வைத்தவை. காய்ப்பு நின்ற பிறகும், பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடச் சுமந்துபோய் ஊற்றி உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

"அளக்க வந்த தம்பி டிரோனைப் பறக்கவிட்டுப் படம் புடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. முடிவு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்கன்னு சொல்லிச்சுல்ல?" என்று முதல் கோடரி விழுந்த அன்று மன்றாடினாள்.

"மரம் சோறு போடுமாடி?" என்றார் அவர். அதன் பிறகுதான் அவள் பேச்சை நிறுத்தினாள்.

செல்போன் அடித்தது. அன்று அளக்க வந்த சர்வேயர்தான்.

"அண்ணே, லிஸ்ட் வந்துடுச்சு. அக்கா பக்கத்துல இருக்காங்களா? அவங்களும் கேக்கட்டும்."

பரபரவென்று ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கம் நீட்டினார். அவள் ஈரம் காயாத ஒரு அடிக்கட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கா தம்பி, சொல்லுங்க!"

"அன்னைக்கு நான் அளக்க வந்தப்ப மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அந்த அழுகை அழுதாங்களே, இனிமே அழ வேணாம்னு சொல்லுங்க."

அவள் மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"படத்துல இவ்வளவு மரத்தைப் பார்த்துட்டு, வெட்ட மனசு வராம, உங்க தோப்பை மட்டும் லிஸ்ட்ல சேர்க்காம விட்டுட்டாங்கண்ணே!"