பத்துக்கு நாலு

இனிக் குணமாகாது என்றானவர்களின் வலியைத் தணிக்கும் வார்டு அது. "வலி பத்துக்கு எத்தனை சார்?" என்று நர்ஸ் ஜெசிந்தா தினமும் கேட்டாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அம்பலவாணன் பல்லைக் கடித்துக்கொண்டு "நாலு" என்பார். அட்டையில் நாலு ஏறும். மருந்தும் நாலுக்குத் தக்கபடிதான் இறங்கும். ஐந்தாம் நாள், அவர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்த மனைவி கோமளவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"சிஸ்டர், இவர் எந்தக் கட்டுரைக்கும் பத்துக்கு நாலுக்கு மேல போட்டதில்ல. என் சமையலுக்கே மூணுதான்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை, உடனே டாக்டரைக் கூட்டி வந்தாள்.

"மருந்தைக் கூட்டினா வலி அடங்கும்மா. ஆனா நிறைய தூங்குவார், பேச்சு குறைஞ்சுடும்" என்றார் டாக்டர்.

கோமளவல்லி கம்பியிலிருந்த அந்தக் கையையே பார்த்தாள். "நாப்பது வருஷம் பேசியாச்சு. தூங்கட்டும் டாக்டர்."

மறுநாள் மாலைதான் அவர் கண் விழித்தார். அவள் ஊட்டிய கஞ்சியை நிதானமாகச் சுவைத்தார். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, கையை மட்டும் மெல்லத் தூக்கி விரல்களை விரித்தார். அவள் எண்ணினாள். நம்பமுடியாமல் மறுபடியும் எண்ணினாள்.

ஐந்து.