ரேகை இங்கே இல்லை

"யோவ், நிறுத்து. இந்தத் தண்ணி வித்தையெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்த குரலில் கிகுண்டாவின் கையிலிருந்த குடம் தளும்பியது. நான்யுகி சாலையோரம், 'பூமத்திய ரேகை' என்று எழுதிய மஞ்சள் போர்டின் கீழே அப்போதுதான் அவன் வேடிக்கை காட்டி முடித்துக் கைதட்டல் வாங்கியிருந்தான்.

அடியில் ஓட்டை போட்ட பேசின், ஒரு குடம் தண்ணீர், மிதக்க ஒரு தீக்குச்சி, அவ்வளவுதான் சரக்கு. போர்டுக்கு வடக்கே ஊற்றினால் குச்சி வலப்பக்கமாகச் சுற்றி இறங்கும், தெற்கே போனால் இடப்பக்கமாக, போர்டுக்கு நேர் கீழே சுற்றாமலே இறங்கும். பூமி சுழல்வதால் அப்படி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். இதைப் பார்க்கத்தான் பஸ்கள் நிற்கின்றன, கிகுண்டா வீட்டில் அடுப்பும் எரிகிறது.

"யாரது? முன்னால வந்து பேசுங்க" என்றாள் மும்புவா. மச்சாக்கோஸிலிருந்து சுற்றுலா வந்திருந்த மகளிர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் பேரு முதூரி. நிலம் அளக்குறது நம்ம தொழில். ரேகை இங்க இல்லம்மா. வண்டி நிறுத்த வசதியா இருக்குன்னு போர்டை இங்க நட்டுட்டாங்க."

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்றான் கிகுண்டா. முகம் செத்துப்போயிருந்தது. "பொழப்புல மண்ணைப் போடாதீங்கண்ணே. இந்தப் பேச்சு நாலு டிரைவர் காதுல விழுந்தா ஒரு வண்டி இங்க நிக்காது."

"பொழப்புக்காகப் பொய் சொல்லுவியா? பேசினைக் குடு."

முதூரி போர்டுக்கு வடக்கே போய் நின்றார். குடத்தை இடது கைக்கு மாற்றி, பேசின் ஓரமாகச் சாய்த்து ஊற்றினார். குச்சி இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இறங்கியது.

"பாத்துக்கிட்டீங்களா? வடக்குன்னு இவன் சொன்ன எடம் இன்னும் தெற்குதான். இவன் ஊத்துறப்ப பேசினை ஆட்டியிருக்கான். ஆளு பொய் சொல்லுவான், தண்ணி சொல்லுமா?"

பெண்கள் 'அடப்பாவி' என்றார்கள். ஒருத்தி காசைத் திருப்பிக் கொடு என்று கிகுண்டாவின் சட்டையைப் பிடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"விடுங்கம்மா, அவனும் பிள்ளகுட்டிக்காரன். காசுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு நின்னா மழை வந்துடும். நெஜ ரேகையைக் காட்டுறேன், வாங்க" என்றார் முதூரி.

மும்புவா நகரவில்லை. அவள் மனம் வேறெங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "அப்போ, போன வருஷம் எங்களுக்குப் போட்டியா இருக்குற கவேனியோட சங்கம் வந்து நின்னது எங்க? இந்தப் போர்டுகிட்டதானே?"

"போர்டுகிட்டன்னா தப்பான எடம்தான்."

"இங்க எடுத்த போட்டோவைப் பிரேம் போட்டு மாட்டி வச்சு எத்தனை பேச்சு பேசினா" என்றாள் மும்புவா. அவள் முகத்தில் தீபாவளி. "வாங்கடி எல்லாரும், சீக்கிரம்."

யூக்கலிப்டஸ் மரங்களைத் தாண்டி, ஒரு சோளக்கொல்லை ஓரத்தில் வெள்ளையடித்த ஒரு கல் கிடந்தது. பக்கத்தில் ககெண்டோ என்றொரு பெண் சுட்ட சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள்.

"போர்டு ஒண்ணும் காணோமே?" என்றாள் மும்புவா.

"போர்டு வச்சா ரேகை வந்துடுமாக்கா?" என்றாள் ககெண்டோ. "நில அளவைக்காரங்க வந்தா இந்தக் கல்லைத்தான் தேடுவாங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

இந்த ஒரு பேச்சில் சங்கமே விழுந்துவிட்டது. ககெண்டோ கை கழுவும் பேசினை எடுத்து வந்தாள், அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. கல்லுக்கு வடக்கே குச்சி வலப்பக்கமாகச் சுற்றியது, தெற்கே இடப்பக்கமாக, கல்லின் மேல் ஆடாமல் அசையாமல் இறங்கியது. குடம் எந்தக் கையில் இருந்தது என்று ஒருத்தியும் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் குச்சி மேலேயே இருந்தது.

ஏமாந்து தெளிந்த கூட்டம் சும்மா போகுமா? ஆளுக்கொரு போட்டோ, ஆளுக்கொரு சோளம், ககெண்டோவின் சோளக்கூடைக்கு அடியிலிருந்து, 'ரேகையைக் கடந்தவர்' என்று முத்திரை குத்திய சான்றிதழ் ஆளுக்கொன்று. மும்புவா தனக்கு ஒன்று, கவேனிக்கு அனுப்ப ஒன்று என இரண்டாக வாங்கினாள்.

"நல்ல வேளை, நீங்க வந்தீங்க. இல்லன்னா நாங்களும் அந்தப் பொய்யை நம்பிட்டுப் போயிருப்போம்" என்று முதூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் பையிலும் ஒரு நோட்டைத் திணித்தாள்.

பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியே கிகுண்டாவைப் பார்த்துப் பெண்கள் 'பொய்யா, பொய்யா' என்று பாட்டாகவே பாடிக்கொண்டு போனார்கள். அவன் தலை நிமிரவேயில்லை.

வளைவில் பஸ் மறைந்ததும் முதூரி சாலையைக் கடந்து வந்து அவன் எதிரில் நின்றார். பின்னாலேயே வசூலான காசை எண்ணிக்கொண்டு ககெண்டோவும் வந்தாள்.

கிகுண்டா நிமிர்ந்து சோம்பல் முறித்துக்கொண்டே முதூரியிடம் சொன்னான்:

"நாளைக்கு நீ மாட்டிக்கடா, நான் கண்டுபிடிக்கிறேன்."