காரணம் என்னும் கட்டம்

ஜன்னல் வெயில் பாதித் திரையை விழுங்குகிறது. நிரல் எழுதுகிறவள் ஒரு அட்டை ஃபைலைப் பக்கத்தில் நிறுத்தி வெயிலை மறைத்துவிட்டு என்டர் தட்டுகிறாள். இணையதளத்தின் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல்ஷீட்டுக்குள் பெயர் வைத்து எழுதியிருந்த நிறங்களெல்லாம் வடிவமைப்புக் கையேட்டுக்கான அட்டவணையாக வரிசைகட்டி இறங்குகின்றன: பெயர், மதிப்பு, காரணம். நாற்பத்து மூன்று வரிகள். பதினொரு மணிக்கு இது எல்லோருக்கும் போய்விட்டால் சுவரில் தொங்கும் நிறச் சார்ட்டுக்கு வேலையில்லை. அதைக் கையால் தீட்டி ஒட்டிய வடிவமைப்பாளன் அவள் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறான். பொத்தானின் பச்சையில் அவன் விரல் நிற்கிறது. “அக்கா, உங்க புரோகிராம் தப்பா எடுத்திருக்கு. சார்ட்டைப் பாருங்க, பச்சை இவ்வளவு கருப்பா இல்ல.” அவள் திரும்பாமலே டீயை உறிஞ்சுகிறாள். “அது சரியாத்தான் எடுத்திருக்கு. கடைசிக் கட்டத்தைப் படி.” யார் மாற்றச் சொன்னாலும், சொன்ன வார்த்தைகளை அப்படியே அந்த நிறத்தின் பக்கத்தில் குறித்துவைப்பது அவள் வழக்கம். நிரல் அதையும் அள்ளிவந்திருக்கிறது. அவன் குனிந்து வாய்விட்டுப் படிக்கிறான்: “அக்கா, பச்சை வெளிறிப்போய் இருக்கு, எழுத்தே தெரியல. கொஞ்சம் கருக்கிடுங்க.” பக்கத்தில் போன மார்ச் தேதி, அவனுடைய பெயர். காது மடல் சிவக்கிறது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. நாற்காலியில் ஏறி நான்கு மூலையிலும் டேப்பை உரிக்கிறான். சார்ட் இருந்த இடத்தில் மட்டும் சுவர் அழுக்குப்படாமல் பளிச்சென்று ஒரு செவ்வகமாக நிற்கிறது. “நாப்பத்து நாலாவது நிறம்,” என்கிறாள் அவள், அந்தச் செவ்வகத்தைப் பார்த்து, விசைப்பலகையில் கைவைத்தபடி. “காரணம்னு என்ன போடட்டும்?” நாற்காலியிலிருந்து இறங்காமலே அவன் சொல்கிறான்: “என் பிடிவாதம்னு போடுங்க.”