நாலாவது ஆள்

எங்கள் ஹுவே நகரில் மூன்று பேராக நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நிற்பவர் முதலில் செத்துப்போய்விடுவாராம். அப்படி மூவராக வருபவர்களோடு, என் ஸ்டூடியோவில் வேலை பார்த்த லியென் ஓரமாகப் போய் நாலாவதாக நின்றுவிடுவாள்.

கம்ப்யூட்டரில் படங்களை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரிக்காமல், படத்தில் இருப்பவர்களின் பெயரை டேக் போடச் சொன்னதும் அவள்தான்.

"ஃபோல்டர்ல போட்டா படம் ஒரே இடத்துல அடைஞ்சு கிடக்கும்ண்ணே. பேரை டேக் பண்ணி வெச்சா, கூப்பிட்டா எங்கேயிருந்தாலும் வந்துடும்."

போன மழைக்காலத்தில் லியென் இறந்துபோனாள்.

நேற்று மூன்று சகோதரிகள் வந்தார்கள். லியென் ஓரமாக நிற்பாள் என்ற பழக்க தோஷத்தில் படம் எடுத்து அவர்களை அனுப்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நடுவில் நின்ற சின்னப்பெண்ணின் முகம் நினைவுக்கு வர, தெருமுனை வரை ஓடினேன்.

"திரும்ப எடுக்கணும்மா. மூணு பேரா எடுத்துட்டேன்."

மூத்தவள் சிரித்தாள். "நல்லா எடுத்தீங்க போங்க! ஓரமா அந்த அக்கா நின்னாங்களே. நேரா நில்லுங்கடின்னு எங்களைத் திட்டவேற செஞ்சாங்க."

திரும்பி வந்து படத்தைத் திறந்தேன். மூன்று பேர்தான் இருந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நானே இடம் விட்டிருந்தேன். மூவரும் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இன்னும் டேக் எதுவும் போடவில்லை. படத்துக்குக் கீழே ஒன்று இருந்தது: லியென்.