நாற்காலி போட்ட இடம்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு ஒரு நாற்காலியை மதிக்கத் தெரியவில்லை.

எங்கள் பிட்ஸ்பர்க்கில் சட்டம் அதுதான். உன் வீட்டு வாசலில் தெருப்பனியை நீ வாரினாய், நாற்காலியைப் போட்டாய், பனி உருகும்வரை அந்த இடம் உன்னுடையது. வேறு எவனும் அங்கே கார் நிறுத்த மாட்டான். போலீஸ்காரன்கூடச் சுற்றிக்கொண்டு போவான்.

பக்கத்து வீட்டு ரஸ்ஸலுக்கு இது தெரியாது. பனியையே பார்க்காத கலிபோர்னியாக்காரன். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காமிக்ஸ் வரைவதுதான் வேலையாம். அது ஒரு வேலையா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் என் நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டுத் தன் காரை நிறுத்தினான். காலையில் பார்த்தால் காரின் கதவெல்லாம் ஐஸ் பிடித்துத் திறக்கவே இல்லை. யார் தண்ணீர் ஊற்றியது என்று என்னிடம் வந்து கேட்டான். என்னிடம் ஒரு வாளி இருக்கிறது என்பதற்காக என்னைக் கேட்பதா?

அன்றிலிருந்து நாற்காலியைத் தனியாக விடுவதில்லை. நானே அதில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்றும் உட்கார்ந்திருந்தபோது ரஸ்ஸலின் மனைவி டீனா மேடேறி வந்தாள். காரை இரண்டு தெரு கீழே விட்டிருந்தாள். கையில் மளிகைப் பை. நிறைமாத வயிறு. வழுக்கும் இடத்திலெல்லாம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தாள்.

“இன்னும் உறைஞ்சு போகலையா, மிஸ்டர் ஹூடாக்?”

“உன் புருஷனை ஊருக்கு வழியனுப்பிட்டுத்தான் உறைவேன்.”

சிரித்தாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள்.

“அவரோட புது காமிக்ஸ். உங்களுக்கு ஒண்ணு குடுக்கச் சொன்னாரு. சும்மாதான்.”

சும்மா கொடுப்பவனை நான் நம்புவதில்லை. ஆனாலும் வாங்கினேன். பக்கம் திருப்ப ஒரு கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.

ஏழாம் அணி என்று ஒரு கமாண்டோக் கூட்டம். சாம்பல் நரி என்று ஒரு பயங்கரவாத இயக்கம். ஒரு கமாண்டோ சட்டையே இல்லாமல் விமானத்திலிருந்து பனிமலையில் குதிக்கிறான். ஒருத்தி ஹேர்பின்னை வைத்து வெடிகுண்டை அணைக்கிறாள். நரிக்கூட்டம் பக்கம் பக்கமாகச் சுடுகிறது, கமாண்டோக்களில் ஒருவனுக்கும் காது மடலில்கூடக் கீறல் விழவில்லை.

நானும் ராணுவத்தில் இருந்தவன்தான். சமையல்கட்டில். அங்கேயே இதைவிட அதிக ரத்தம் பார்த்திருக்கிறேன்.

மலை உச்சியில் நரிகளின் ரகசியக் கோட்டை. சுற்றிலும் கண்ணிவெடி, மின்வேலி, பட்டினி போட்ட ஓநாய்கள். உள்ளே உலகத்தையே அழிக்கும் ஆயுதம் இருக்கிறது என்று ஏழாம் அணி நம்புகிறது. இவ்வளவு காவல் இருந்தால் உள்ளே ஏதாவது இருக்கத்தானே வேண்டும் என்கிறான் கேப்டன். அந்த ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். கோட்டை வாசலில் நரிகளின் தலைவன்.

காதை மூடும் தொப்பி. புகையிலைக் கறை படிந்த வெள்ளை மீசை. சிம்மாசனத்துக்குப் பதில் ஒரு மஞ்சள் சமையலறை நாற்காலி. அதன் ஒரு காலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

குனிந்து என் நாற்காலியைப் பார்த்தேன்.

“மூக்கு இவ்வளவு பெரிசாவா இருக்கு?” என்றேன்.

“குறைச்சுதான் போட்டிருக்காரு.”

டீனா பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றாள். வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. நான் படித்து முடிப்பதற்காக நிற்கிறாள்.

கடைசிப் பக்கம். கடைசிக் கதவையும் தகர்த்துக்கொண்டு ஏழாம் அணி உள்ளே பாய்கிறது. கேப்டன் டார்ச்சை அடிக்கிறான்.

அறை காலி. ஆயுதம் இல்லை. ஒரு பெட்டிகூட இல்லை. கூட்டிப் பெருக்கிய வெறும் தரை.

‘இதுக்கா இவ்வளவு காவல்?’ என்று கேப்டன் கேட்கிறான். தலைவன் வாயருகே பேச்சுக்கான வட்டத்தை வரைந்திருக்கிறான் ரஸ்ஸல். அதற்குள் ஒரு சொல்லும் இல்லை.

“எப்படி இருக்கு கதை?” என்றாள் டீனா.

“சுத்தப் புளுகு. ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு எவனாவது காவல் இருப்பானா?”

அவள் என் நாற்காலிக்கு முன்னும் பின்னும் பார்த்தாள். ஒரு காரின் நீளத்துக்கு நான் பனியை வாரி, சுரண்டி, உப்புத் தூவி வைத்திருந்த இடம். எங்கள் தெருவிலேயே எண்ணெய்ச் சொட்டு ஒன்றுகூட இல்லாத தரை அதுதான்.

கண் சரியில்லை என்று சொல்லி என் மகள் என் காரை விற்றது நான்கு குளிர்காலத்துக்கு முன்னால்.

எழுந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. நாற்காலியை மடித்துத் தோளில் மாட்ட முடியாது, அது மடங்குகிற ஜாதி இல்லை. முதுகுப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“டேப் மாத்தணும். நீ ஓட்டிட்டு வந்தா இங்க நிறுத்திக்கோ. அவன் ஓட்டிட்டு வந்தான்னா வாளி வீட்லதான் இருக்கு, சொல்லிடு.”

பின்னால் அவள் ஏதோ சொன்னாள். நன்றியாக இருக்கலாம், கிண்டலாகவும் இருக்கலாம். தொப்பி காதை மூடியிருந்தது.

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினேன். மேல்படியில் நின்று நாற்காலியை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். டேப் சுற்றியிருப்பது இடது முன்காலில். அவன் வரைந்திருப்பது வலது முன்காலில்.

இதைக்கூடச் சரியாகப் பார்க்காதவன் சொல்லும் கதையை யார் நம்புவது.