இல்லாத எட்டு லட்சம் பீப்பாய்

"இது லீப் வருஷம்னு தெரியாதா சத்யா? ரெண்டாயிரத்து எட்டு. பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளை சொல்லும்."

ஏசுபாதம் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அந்தத் திங்கட்கிழமை உயர்த்தினார். பெருங்குடி ஆபீஸின் நாலாம் மாடியே திரும்பிப் பார்த்தது.

"ஸாரி சார்," என்றாள் சத்யப்ரியா. 

உலகம் நாளைக்கு எத்தனை பீப்பாய் எண்ணெய் குடிக்கும் என்று ஜோசியம் சொல்வதுதான் இவர்கள் பிழைப்பு. லண்டன் கம்பெனிக்கு ஆசியக் கணக்கு முழுவதும் இங்கிருந்துதான் போகும். ஒரு மாத விற்பனையை அந்த மாதத்து நாட்களால் வகுத்தால் தினசரித் தேவை. அவ்வளவுதான் சூத்திரம்.

அதில்தான் பிப்ரவரியை இருபத்தெட்டால் வகுத்துத் தொலைத்திருந்தார்கள். எங்கேயும் இல்லாத எட்டு லட்சம் பீப்பாய் தினசரித் தேவை தானாக முளைத்துவிட்டது. லண்டன்காரர்கள் அதைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டு, ஊர் சிரித்து, இரண்டே நாளில் வாபஸ் வாங்கினார்கள்.

யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சனிக்கிழமையே லண்டனிலிருந்து மெயில் வந்திருந்தது. கணக்குப் போட்ட ஷீட் இருந்ததோ ஏசுபாதம், சத்யப்ரியா இருவர் கையில் மட்டும்.

"நாள் எண்ணிக்கையைப் போட்டது நான்தான் சார்," என்று காலையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள் அவள். மத்தியானம் மேனேஜர் துரைராஜ் கூப்பிடுவதற்குள் ராஜினாமாவையும் டைப் அடித்து வைத்திருந்தாள்.

கோவளத்தில் மீன் விற்கும் தனத்தின் மகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். ஏசுபாதத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இவள் கவனக்குறைவால் தன் வேலையும் அல்லவா போயிருக்கும்? போனால் கிறிஸ்டினாவின் கதி என்ன? செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு நாள் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் மனைவிக்கு டயாலிசிஸ். நடப்பதெல்லாம் ஆபீஸ் இன்சூரன்ஸில். அது நின்றால் ஒரு மாதம் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லிஃப்ட் வாசலில் அவளிடம், "அடுத்த வேலையிலயாவது பார்த்துப் பண்ணு," என்றார்.

"சரி சார். கிறிஸ்டினா அக்காவை விசாரிச்சதாச் சொல்லுங்க."

செம்பாக்கத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் கிறிஸ்டினா முகத்தைப் பார்த்தே, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னார்.

"சத்யாவா? நேத்துகூட எனக்கு போன் பண்ணாளே."

"உனக்கா? எதுக்கு?"

"உடம்பைப் பத்தித்தான் கேட்டா. டயாலிசிஸுக்கு வேற இன்சூரன்ஸ் ஏதாவது இருக்கா அக்கான்னு கேட்டா. இல்லம்மா, எல்லாம் அவர் ஆபீஸ்லதான்னேன். சரிக்கா, நீங்க கவலைப்படாதீங்கன்னு வெச்சுட்டா."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த ஏசுபாதத்தின் கை நின்றது.

"அவளைப் போய் ஏன் திட்டினீங்க?" கிறிஸ்டினா லேசாகச் சிரித்தாள். "நீங்களும்தான் அன்னிக்கு மெஷின் பக்கத்துல லேப்டாப்பை வெச்சுக்கிட்டு, 'பிப்ரவரி இருபத்தெட்டுதானே'ன்னு என்கிட்ட கேட்டீங்க. நான் பாதி மயக்கத்துல தலையாட்டினேன்."

தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் திரும்பி வந்தது. மெஷின் அலறியது, கிறிஸ்டினாவின் பிரஷர் இறங்கியது, நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். அவர் தட்டிய வரைக்கும் அப்படியே சத்யாவுக்கு மெயிலில் தள்ளிவிட்டு லேப்டாப்பை மூடினார். அன்று கிறிஸ்டினா பிழைத்தாள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் மனதில் தங்கவில்லை.

அந்த மெயில் சத்யாவிடம் இருந்தது. ஒரே ஒரு தடவை துரைராஜிடம் திறந்து காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. நாலு பேர் முன்னால் அவ்வளவு திட்டு வாங்கியபோதுகூடக் காட்டவில்லை.

"அந்தப் பொண்ணுக்குச் சீக்கிரம் வேற வேலை கிடைக்கணும்னு ஜெபம் பண்ணணுங்க," என்றாள் கிறிஸ்டினா.

ஏசுபாதம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நாளைக்கு முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வெளியே வந்தார். இரண்டு பேருமாகச் சாப்பிட்டார்கள். அவளுக்கு அளந்து கொடுக்கும் தண்ணீரை அவரே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவராகப் போய்ச் சொல்வதற்குள் துரைராஜே தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏசுபாதம் சார், எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. மூணு வருஷத்துல அந்தப் பொண்ணு ஒரு புள்ளி தப்பாப் போட்டதில்ல. யாரையோ காப்பாத்துறான்னு தோணுது. ராஜினாமாவை நான் இன்னும் லண்டனுக்கு அனுப்பல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் கிறிஸ்டினாவுக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள்.

"சொல்லுங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இப்பவே அவளைத் திரும்பக் கூப்பிட்டுடறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்றார் ஏசுபாதம். "அவ எப்பவுமே கொஞ்சம் கவனக்குறைவுதான்."