சுகிர்தாவின் குரல்

பேச்சு குழறும் சுகிர்தாவை அவள் கதையிலேயே நடிக்க வைத்துப் படம் எடுத்தாள் தமயந்தி. "அந்தப் பொண்ணு பேசுறது ஜனங்களுக்குப் புரியாது" என்று சொல்லித் தயாரிப்பாளர் வேறொருத்தியை வைத்து டப்பிங் முடித்துவிட்டார். தமயந்தி எவ்வளவோ மன்றாடியும் எடுபடவில்லை. சுகிர்தாவிடம் அதைச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

முதல் காட்சிக்குச் சுகிர்தாவும் அவள் அம்மாவும் தமயந்தியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் சுகிர்தா வாய் திறந்ததும் தெளிந்த குரலொன்று அரங்கை நிறைத்தது.

"எய்யா, எம் புள்ள பேசுதா!" என்று அவள் அம்மா கண்ணீர் விட்டாள்.

சுகிர்தா பதறிப்போய்த் தமயந்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அது... நான் இல்ல" என்று உரக்கக் குழறினாள்.

அம்மா திரையிலிருந்து கண்ணெடுக்காமலே மகளின் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, சும்மா கெட. நீ பேசுறதக் கேக்க விடு."